தடிமன் போடாத ரப்பர்

நாற்பத்தேழு பேர் சேர்ந்து ஒருத்தியைப் பற்றி எழுதினால் ஏழு பேராவது நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்க மாட்டார்களா என்ற நப்பாசையோடுதான் ரப்பர் மேடம் அந்தப் பழுப்பு உறையைப் பிரித்தார். முதல் தாளிலேயே ஆசை அடங்கிவிட்டது. "பாடமே நடத்துவதில்லை. அழி, அழி என்று மட்டும் சொல்கிறார்" என்று அதில் இருந்தது.

பொய் என்று சொல்ல முடியாது. அந்தப் பாலிடெக்னிக்கில் முதலாண்டு மாணவர்களுக்கு இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுக்கும் அவர் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தச் சொல் வரும். கோடு தடித்தால் அழி. மூலையில் கோடு மிஞ்சினால் அழி. அம்புக்குறி கொழுத்தால் அழி. மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் அவர் காதுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. முதலில் கோபம் வந்தது. மற்ற ஆசிரியர்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்ட பிறகு, நமக்குக் கிடைத்தது தங்கம் என்று சமாதானமாகிவிட்டார்.

இப்போது விஷயம் பட்டப்பெயரோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அரையாண்டு முடிந்ததும் மாணவர்கள் தங்கள் பெயரைப் போடாமல் ஆசிரியர்களுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கீழே கருத்தும் எழுத வேண்டும். இரண்டு வருஷம் தொடர்ந்து மூன்றுக்குக் கீழே போனால் ஒப்பந்த ஆசிரியரின் வேலை ஒரு குழுவின் முன்னால் போகும். இருக்கட்டும் என்பதோ போகட்டும் என்பதோ அவர்கள் கையில். போன வருஷம் அவருக்கு வந்தது இரண்டு புள்ளி ஆறு. இந்த வருஷம் இரண்டு புள்ளி நாலு. குழு நாளை மறுநாள் காலை பத்து மணிக்குக் கூடுகிறது. நாற்பத்தைந்து வயதில் இன்னொரு கதவைத் தட்டும் தெம்பு அவருக்கு இல்லை. அதைவிட, இந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

வழக்கமாக மாணவர்கள் எழுதுவதை அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஒரு பக்கச் சுருக்கமாகத் தருவார்கள். தட்டச்சு செய்பவர் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் இந்த முறை அசல் தாள்களே உறைக்குள் வந்திருந்தன. கொடுத்த எழுத்தர், "ஒரு மணி நேரத்துல பாத்துட்டுக் குடுத்துருங்க மேடம். மேல ஒண்ணும் எழுதிடாதீங்க, எண்ணி வெச்சிருக்கேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். மேடமும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டித்தான் வாங்கிக்கொண்டார்.

மதியம் வரைபடக் கூடம் காலியாக இருந்தது. சாய்வான பலகைகள் வரிசையாக நின்றன. தரையெல்லாம் ரப்பர் துகள். பெருக்குகிறவர் அதற்காகத் தினமும் திட்டுவார். இந்தக் கல்லூரியில் வேறு எந்த அறையிலும் தப்புகள் இப்படித் தரையில் விழுந்து கிடப்பதில்லை என்று மேடம் அவரைச் சமாதானம் செய்வார். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்தார்.

"ஃபேன் ஓடவில்லை." அதற்கு ஐந்துக்கு ஒன்று. ஃபேனுக்கா தனக்கா என்று மேடத்துக்குப் புரியவில்லை.

"முதல் மூன்று வாரம் எழுத்தும் எண்ணும் மட்டும் எழுத வைத்தார். நாங்கள் என்ன ஒன்றாம் வகுப்பா?"

இதைப் படித்ததும் உள்ளே சுருக்கென்றது. மூன்று வாரம் உண்மைதான். படத்தில் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெலிசாகப் போட்டுக்கொண்டு, எண்ணின் தலையும் காலும் அந்தக் கோடுகளைத் தொட எழுத வேண்டும். கைடு லைன் என்பார்கள். பல கல்லூரிகளில் ஒரு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். மேடம் போகமாட்டார். போக முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது; அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் அவர் கொதிகலன் செய்யும் ஆலையில் பதினெட்டு வருஷம் வரைபடம் போட்டவர். சேர்ந்த புதிதில், இருபத்து மூன்று வயதில், அவசரத்தில் ஒரு மூன்றை எழுதினார். கைடு லைன் இல்லாமல் எழுதியதில் அதன் இரண்டு வளைவும் மூடிக்கொண்டு எட்டு மாதிரி ஆகிவிட்டது. துளை போடுகிறவர் எட்டு என்றே படித்தார். பதினொரு இரும்புத் தகடுகள் பாழ். மேற்பார்வையாளர் திட்டவில்லை. பாழான தகடு ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேசைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அது ஒரு மாதம் அங்கேயே நின்றது. திட்டியிருந்தால் ஒரு நாளில் மறந்திருப்பார். வேலையை விட்டு வரும்போது ஆலையில் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் அந்தத் தகடுதான். வீட்டில் தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது.

அடுத்த தாளில் மூன்றே வார்த்தை. "இவரிடம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை." ஆறு மாத உழைப்பை யாரோ ஒரே வரியில் குப்பையில் போட்டிருந்தார்கள். அதற்கடுத்தது இன்னும் மோசம்: "தப்பு எங்கே என்று வட்டம் போடுகிறார். ஏன் தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை." மற்றவற்றுக்கெல்லாம் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்துவைத்தார்.

அப்புறம்தான் அந்தத் தாள் வந்தது.

கருத்து எழுதும் இடத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு படம் இருந்தது. அழிக்கும் ரப்பர் ஒன்றின் படம். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று மூன்றும் ஒன்றுக்கொன்று நேராக, முறைப்படி. அளவுக் கோடுகள், மெல்லிய அம்புகள். கீழே வலது மூலையில் கட்டம் போட்டு, "பொருள்: ரப்பர் மேடம். அளவு: உள்ளது உள்ளபடி" என்று எழுதியிருந்தது.

கோபப்பட வேண்டிய இடம். சிரிக்கவாவது வேண்டிய இடம். மேடம் இரண்டும் செய்யவில்லை. நீளம் நாற்பது, அகலம் இருபது, சரி, தடிமன் எங்கே? தடிமன் போடவில்லையே! கை தானாகச் சிவப்புப் பென்சிலை எடுத்தது, அளவு விட்டுப்போன இடத்தில் அழகாக ஒரு வட்டம் போட்டது, பென்சிலைக் கீழே வைத்தது.

வைத்த பிறகுதான் தாளின் தலைப்பில் அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது: "இப்படிவத்தில் ஆசிரியர் எவ்விதக் குறியும் இடலாகாது." சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மதிப்பெண் குறைந்ததற்காவது ஒரு சமாதானம் சொல்லலாம். மாணவர்களின் கருத்துத் தாளையே திருத்திக் கொடுத்த ஆசிரியைக்கு யார் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

அவசரமாக ரப்பரை எடுத்துத் தேய்த்தார். சிவப்புப் பென்சில் ரப்பருக்கு மசியவில்லை. ஊருக்கெல்லாம் அழி அழி என்று சொன்னவரின் வட்டம் கொஞ்சம் இழுபட்டு முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கத் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

சாய்த்ததும் வேறு ஒன்று தெரிந்தது. "ரப்பர் மேடம்" என்ற எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு மெல்லிய கோடுகள், முடி கனத்தில். அவரைக் கேலி செய்வதற்குக்கூடக் கைடு லைன் போட்டுக்கொண்டுதான் கேலி செய்திருந்தார்கள்.

மேடம் அடுத்த தாளைச் சாய்த்தார். "நாங்கள் என்ன ஒன்றாம் வகுப்பா?" அதிலும் கோடு. "ஃபேன் ஓடவில்லை." கோடு. தனியாக எடுத்துவைத்ததிலும் கோடு. அந்த மூன்று வார்த்தைத் தாளைத் தூக்கினார். "இவரிடம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை." ஐந்து மில்லிமீட்டர் உயரம், எல்லா எழுத்தும் ஒரே தலை, ஒரே கால், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஸ்கேல் வைத்து அளந்தே பார்த்தார். ஐந்தேதான்.

எண்ணினார். நாற்பத்தேழில் நாற்பத்து மூன்று. யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவில்லை, மதிப்பெண் இல்லை. கோபமாக எழுதும்போதும் அந்தக் கைகள் முதலில் கோடு போட்டுக்கொண்டுதான் கோபப்பட்டிருக்கின்றன. காலிக் கூடத்தில் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தபோதே கண் நிறைந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று அவருக்குத் தோன்றியது. அதை அந்தக் குழுவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

வட்டத்தைப் பார்த்த எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். விஷயம் கால் மணி நேரத்தில் துறைத்தலைவருக்குப் போனது. அவர் நல்லவர்தான், ஆனால் நல்லவராக இருப்பதற்கு நேரம் இல்லாதவர். "மேடம், மார்க்கு கம்மின்னா நான் பேசிருவேன். ஃபார்ம்ல கை வெச்சுட்டீங்களே! இனிமே நான் என்னத்தப் பேச?"

"அதுல தடிமன் போடல சார்."

"தடிமனா? வேலையே போகப்போகுது மேடம்!"

வீட்டில் கணவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷமாக இரண்டு மாடிகளுக்கு நடுவிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"இங்க பாரு, எங்க லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது எழுதிப் போட்டிருக்காங்களா? நின்னாத்தான் மெக்கானிக்னு ஒருத்தன் இருக்கறதே ஞாபகம் வரும்."

"லிஃப்ட் ஓடறது கண்ணுக்குத் தெரியுமேங்க. நான் சொல்லிக்குடுத்தது தாளச் சாச்சுப் பாத்தாத்தானே தெரியுது?"

"அப்ப சாச்சுக் காட்டு. அதுக்கு மேல என்ன பண்ணுவாங்க? வேலை போச்சுன்னா போகட்டும், நான் இருக்கேன்ல. ஆனா வாயத் தெறக்காம வந்து நிக்காத."

குழு கூடிய அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: முதல்வர், துறைத்தலைவர், வெளி உறுப்பினர். வெளி உறுப்பினர் இயந்திரப் பட்டறை ஒன்றை நடத்துபவர். விதிப்படி தொழிலில் இருப்பவர் ஒருவர் வேண்டும் என்பதற்காக வருஷா வருஷம் கூப்பிடுவார்கள், அவரும் உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்து, பிஸ்கட் சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

முதல்வர் நேராக விஷயத்துக்கு வந்தார். "ரெண்டு புள்ளி நாலு. அது ஒருபக்கம் இருக்கட்டும். இந்த வட்டம் நீங்க போட்டதா?"

"ஆமா சார். பழக்கதோஷம். தப்புதான்."

"பசங்க தைரியமா எழுதணும்னுதானே பேர் போட வேணாங்கறோம்? நீங்க திருத்திக் குடுத்தா அடுத்த தடவ எவன் எழுதுவான்? போகட்டும், இத வரைஞ்சது யாருன்னு தெரியுமா? டீச்சரக் கிண்டல் பண்ணி வரையறதும் தப்புதானே. அதையும் விசாரிக்கணும்."

மேடத்துக்குத் தெரியும். நாற்பத்தேழு கைகளையும் அவருக்குத் தெரியும். நாற்பதில் அந்த நாலின் தலை லேசாகச் சாய்வது கடைசி வரிசை வாயாடியின் கை. வகுப்பில் வாய் ஓயாத பெண், முதல் படத்தை ஒன்பது தடவை அழித்துப் போட்டவள். பெயரைச் சொன்னால் குழுவின் கவனம் அந்தப் பக்கம் திரும்பும், தன் தப்பு சிறிதாகிவிடும் என்பதும் மேடத்துக்குத் தெரிந்தது.

"பேர் போடாத தாளுக்கு நான் பேர் போட மாட்டேன் சார்," என்றார். "ஆனா அந்தத் தாள ஒரு தடவ ஜன்னல் பக்கம் சாச்சுப் பாருங்க."

முதல்வர் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. துறைத்தலைவர், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்கற கதையா ஆயிடப்போகுது மேடம்" என்று மெதுவாகச் சொன்னார்.

வெளி உறுப்பினர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "இங்க குடுங்க."

நகக்கண்ணில் எண்ணெய் ஏறிய விரல்களால் தாளை ஓரமாகப் பிடித்துச் சாய்த்தார். பிறகு மற்ற தாள்களையும் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகச் சாய்த்தார்.

"இது எத்தனாவது வருஷப் பசங்க?"

"முதல் வருஷம் சார். ஆறு மாசம் ஆச்சு."

"பரீட்சைப் பேப்பரா இது? கோடு போட்டு எழுதச் சொன்னீங்களா?"

"நான் அந்த ரூம்லயே இல்ல சார். டீச்சர் இருக்கக்கூடாதுன்னு ரூலு."

"வர்றப்பவே இப்படி எழுதற பசங்களா?"

மேடம் கதவோரம் நின்ற எழுத்தர் பக்கம் திரும்பினார். "சேரும்போது அவங்க கையால எழுதின அப்ளிகேஷன் இருக்குல்ல? கட்டாக் கொண்டுவாங்களேன். பேர மறைச்சுட்டுக் காட்டினாப் போதும்."

எழுத்தருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! "அத ஏன் மேடம் கேக்கறீங்க! அதுல இருக்கற போன் நம்பரப் பாத்துக் கூப்பிட்டு நான் பட்ட பாடு! ஒண்ணா ஏழான்னு தெரியாது. அப்பாவக் கூப்பிட்டா ஐஸ் ஃபாக்டரி எடுக்குது!" ஓடிப்போய்க் கட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

ஒரு பக்கம் விண்ணப்பக் கட்டு; கோழி கிளறிய மாதிரி எழுத்து, நாலா ஒன்பதா என்று தெரியாத எண்கள். இன்னொரு பக்கம் நாற்பத்தேழு கருத்துத் தாள்கள், நாலைத் தவிர எல்லாம் அச்சுக் கோத்த மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் முதல்வருக்கும் கண் தெரிந்துவிட்டது.

வெளி உறுப்பினர் மூன்று வார்த்தைத் தாளை எடுத்து உரக்கப் படித்தார். "இவரிடம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை." படித்துவிட்டு இடி மாதிரிச் சிரித்தார். "எங்கிட்ட அஞ்சு வருஷ அனுபவம்னு சொல்லிட்டு வர்றவன் போடற படத்துல நம்பர் படிக்க நான் அவனையே கூப்பிட்டுக் கேக்கறேன். இது திட்டறதுக்கே லைன் போட்டுட்டுத் திட்டுது! இந்தம்மாவ அனுப்பறதுன்னா சொல்லிருங்க, என் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்." பிறகு ரப்பர் படத்தை மறுபடி எடுத்து, வட்டத்தின் மேல் விரலை வைத்தார். "நியாயம்தானே? தடிமன் போடாம எவன் அறுப்பான்? நானா இருந்தாலும் வட்டம் போட்டிருப்பேன்."

முதல்வர் முடிவைச் சொன்னார். தாளில் குறியிட்டதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு நீட்டிப்பு. ரப்பர் படம் பற்றிய விசாரணை இல்லை. துறைத்தலைவர் எல்லாருக்கும் முந்திக் கையெழுத்துப் போட்டார். நல்லவராக இருக்க அன்றைக்கு அவருக்கு நேரம் கிடைத்திருந்தது.

எச்சரிக்கைக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்த மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் தனியாக எடுத்துவைத்த அந்த ஒரு தாள் மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவரைத் திட்டாமல் தகட்டைச் சாய்த்து வைத்துவிட்டுப் போன மேற்பார்வையாளர், ஏன் என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டார். இவர்களுக்கு அந்தத் தகடு ஏது?

திங்கட்கிழமை காலை வகுப்பு தொடங்கும்போது வரைபடக் கூடத்தின் வாசலில் ஒருவர் மூச்சு வாங்க நின்றார். சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று தோளில். "எங்க வெக்கணும்? நாலு மாடி ஏறியிருக்கேன். லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டி வேலை பாக்கற இடத்துல ஒரு லிஃப்ட் இல்ல, கொடுமையப் பாரு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, தகட்டை மேசையில் இறக்கினார் கணவர். வகுப்பே சிரித்தது. மேடம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"உங்க ஃபார்ம் எல்லாம் படிச்சேன்," என்றார். "யாரு எழுதினாங்கன்னு கேக்க மாட்டேன். ஃபேன் அடுத்த வாரம் சரியாயிடும். இன்னொருத்தர் எழுதியிருந்தீங்க, வட்டம் போடறேன், ஏன்னு சொல்றதில்லன்னு. அது என் தப்பு. இன்னைக்குச் சொல்றேன்."

சாக்கைப் பிரித்தார். "இந்த ஓட்டை இருக்கே, இது நான் எழுதின மூணு."

இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை நாற்பத்தேழு பேரிடம் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்ததும் மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, தகட்டின் ஓரத்தில் இருந்த அந்தத் தப்பான துளையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லாமலே வரிசையில் வந்தார்கள். கணவர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டதை மறந்துபோனார்.

மணி அடித்துக் கூடம் காலியானபோது கடைசி வரிசை வாயாடி மட்டும் நின்றாள். ஒரு தாளை நீட்டினாள்.

அதே ரப்பர். மூன்று தோற்றங்கள். நீளம் நாற்பது, அகலம் இருபது, தடிமன் பத்து. கீழே மூலைக் கட்டத்தில், ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில், கைடு லைனுக்கு நடுவே அவளுடைய பெயர்.

"வட்டத்தப் பத்தி ஆபீஸ் சார் சொல்லிச் சிரிச்சாரு மேடம். என் பேரக் கேட்டாங்களாம், நீங்க சொல்லலியாம். அதான்... நானே போட்டுட்டேன்."

மேடம் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இடமிருந்து வலமாகப் பார்த்தார். ஜன்னலில் சாய்த்துப் பார்த்தார். நாற்பதின் நாலுகூட இந்தத் தடவை தலை சாயாமல் நின்றது. பென்சில் வட்டம் போட இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் அதை மேசையில் வைத்தார்.

"அழிக்க ஒண்ணுமில்ல, போ," என்றார்.